சொல் விளக்கம்: இண்டி ரெக்கார்ட்

இண்டி ரெக்கார்ட் என்றால் பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராமல் வெளியாகும் இசைத்தட்டு. ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் செல்லச் சுருக்கம் இண்டி. ‘ண்’ போட மறந்தால் இடி ஆகிவிடும், கவனம்.

லத்தீனில் ‘பெண்டேரே’ என்றால் தொங்குவது. ‘டி’ சேர்ந்தால் ஒன்றைப் பிடித்துத் தொங்குவது. அதற்கும் முன்னால் ‘இன்’ வந்தால் அப்படித் தொங்காதது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு திருச்சபைப் பிரிவினருக்கே ‘இண்டிபெண்டன்ட்’ என்று பெயர். பேராயர் வேண்டாம், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்றவர்கள். நாகர்கோவில் வட்டாரத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷனில் பெரும்பாலோர் இந்த மரபினர்தான். சபைக்குள் புழங்கிய சொல் ரெக்கார்ட் கடைக்கு வந்தது வெகு பிற்பாடு.

1977இல் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் இசைக்குழு, கடன் வாங்கிய 500 பவுண்டில் தன் முதல் தட்டைத் தானே வெளியிட்டது. 1980இல் பிரிட்டனில் இண்டி விற்பனைப் பட்டியல் வந்தபோது பார்த்தது, தட்டு பெரிய கம்பெனிகளின் வழியாக இல்லாமல் விநியோகமானதா என்பதை மட்டுமே; பாட்டின் பாணியை அல்ல. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ‘இண்டி’ ஒருவகை கிட்டார் இசைக்குப் பெயராகிவிட்டது. குழப்பம் அங்கே தொடங்குகிறது.

கிறிஸ்தவ நம்பிக்கையைப் பாடும் ராக் இசையில், யாரையும் பிடித்துத் தொங்காதது என்ற பழைய பொருளே கனம். இத்தட்டுகள் விற்ற இடம் கிறிஸ்தவப் புத்தகக் கடை. அங்கே ‘உலகத்தனம்’ என்று ஒதுக்குவார்கள். கிளப்பில் ‘பிரசங்கம்’ என்று ஒதுக்குவார்கள். இவ்வகைப் பாடகரான லாரி நார்மன் 1969இல் கேப்பிடல் என்ற பெரிய கம்பெனியில் தட்டு போட்டவர். 1970இல் ‘ஸ்ட்ரீட் லெவல்’ தட்டைச் சொந்த லேபிளான (வெளியீட்டு நிறுவனமான) ஒன் வேயில் போட்டார். பிலடெல்பியாவின் மீவித்அவுட்யூ குழு, டூத் அண்ட் நெயில் லேபிளை விட்டு வந்து 2012இல் தன் பைன் ஸ்ட்ரீட் லேபிளில் தட்டு வெளியிட்டது. டென்வரின் ஃபைவ் அயர்ன் ஃப்ரென்ஸி குழு 2011இல் புதுத் தட்டுக்காக ரசிகர்களிடம் 30,000 டாலர் கேட்டது; இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது.

ஒரு தட்டு உண்மையில் இண்டியா என்று பார்க்க, வட்டத்துக்குள் பி எழுத்து இருக்கும் வரியைப் படியுங்கள். ஒலிப்பதிவின் உரிமை யாருடையது என்பது அதில் இருக்கும். வட்டத்துக்குள் சி, அட்டைப் படத்துக்கும் எழுத்துக்குமானது. அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

சொந்தமாகப் போடுகிறவர் தலையில் விழுவது இது: 12 அங்குலத் தட்டில், 33⅓ வேகத்தில், ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்கள் நெருங்கி ஒலி இளைக்கும். பேஸ் (அடித்தள ஒலி) இடம், வலம் என்ற இரு சேனலிலும் எதிரெதிர் கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குமாறு, இருந்தால் ஊசி துள்ளும். அதை மோனோவாக்கி, அதாவது இரு சேனலிலும் ஒரே ஒலியாக்கி, அனுப்ப வேண்டும். இரைச்சல் மிகுந்த பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைத்தால் உள்வட்டத்தில் ‘ஸ’கரம் கிழியும். சோதனைத் தட்டுகள் வந்ததும் எல்லாவற்றையும் முழுக்கக் கேளுங்கள். ஒரே இடத்தில் எல்லாத் தட்டிலும் ‘டப்’ என்றால் அச்சில் கோளாறு, அச்சையே மாற்றச் சொல்லலாம்; ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தட்டோடு போயிற்று.

தமிழில்? ‘சுயாதீன இசை’ பரவலாக இருக்கிறது. ஸ்வ, அதீன என்ற வடசொற்களின் கூட்டு, பொருள் சரி. ‘தனியிசை’ அழகு, ஆனால் ஒருவர் மட்டும் பாடியது என்று படும். ‘சுதந்திர இசை’ ஆகஸ்ட் 15ஐ நினைவூட்டும். ‘தற்சார்பு இசை’ இயக்கத்தைக் குறிக்கப் பொருந்தும். கையில் இருக்கும் தட்டுக்கு, கவிதைத் தொகுப்பின் உள்பக்கத்தில் நாம் வெகுகாலமாக அச்சிட்டுவரும் ‘சொந்த வெளியீடு’ போதும். பாணியைச் சொல்ல மட்டும் இண்டி இண்டியாகவே இருக்கட்டும்.