வேலைநிறுத்தத்துக்கு முந்தைய 14 நாட்கள்

ராமேஸ்வரம் பக்கம் ஸ்ட்ரைக் என்று சொன்னாலே துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் விசைப்படகுகள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்யும், படகைப் பிடித்துக்கொண்டு போகும். சங்கங்கள் கூடிப் பேசி, காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவிக்கும். அது அரசை நோக்கிய போராட்டம். அதில் படகு முதலாளியும் கூலிக்குப் போகிறவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அதே கரையில் ஐஸ் கம்பெனியிலும், நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியிலும், உப்பளத்திலும் உழைக்கிறவர்கள் தங்கள் முதலாளியிடம் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்துவது இன்னொரு வகை. தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலான என்னிடம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

வருகிற விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். விடிந்ததும் போன் வரும். "சார், இன்னைக்கு யாரும் உள்ள போகல. எல்லாரும் கேட்டுக்கு முன்னாடி உட்கார்ந்துட்டோம். போலீஸ் வந்திருக்கு. இப்ப என்ன செய்யணும்?" நான் முதலில் கேட்பது, "நோட்டீஸ் கொடுத்தீங்களா?" என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. அவர்களுடைய கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமாக இருக்கும். ஆனாலும் அந்தக் காலை நேரத்திலேயே சட்டத்தின் பலம் முதலாளி கைக்குப் போயிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே முன்னறிவிப்பு கொடுத்து வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி எந்தத் தொழில் நிறுவனத்திலும் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. நோட்டீஸ் கொடுத்த பிறகு 14 நாட்கள் பொறுக்க வேண்டும். கொடுத்த நோட்டீஸ் 60 நாட்களுக்குத்தான் செல்லும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாட்கள் வரையிலும் வேலையை நிறுத்தக் கூடாது. "நாங்க ஸ்ட்ரைக் பண்ணல சார், எல்லாரும் லீவு போட்டோம்" என்பதும் இனிமேல் எடுபடாது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால், அதையும் வேலைநிறுத்தம் என்றே இந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டவிரோதமாகக் கதவடைப்பு செய்யும் முதலாளிக்கு 50,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அவருக்கும் சிறை உண்டு. தினக்கூலி வாங்குகிறவருக்கு ஆயிரம் ரூபாய் என்பது எத்தனை நாள் அடுப்பு என்று எனக்குத் தெரியும். இந்தச் சட்டம் வேலைநிறுத்த உரிமையைக் கிட்டத்தட்ட முடக்கிவிட்டது என்று தொழிற்சங்கங்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. சமரசக் கூட்டம் தொடங்கிவிட்டால் போதும், வேலைநிறுத்தத் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். மாற்றக் கோரிப் போராடத்தான் வேண்டும். ஆனால் அது மாறும் வரை நம் ஆட்கள் இந்தச் சட்டத்துக்குள்தான் நின்று ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

என் அனுபவத்தில், கூலி உயர்வு கிடைத்த இடங்களில் எல்லாம் அது பெரும்பாலும் வேலைநிறுத்த நாளில் கிடைக்கவில்லை. நோட்டீஸ் கொடுத்ததற்கும் வேலையை நிறுத்தவேண்டிய தேதிக்கும் நடுவில்தான் கிடைத்தது. அந்த 14 நாட்களைச் சும்மா காத்திருக்கும் நாட்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதலாளி கணக்குப் போட்டுப் பார்க்கும் நாட்கள் அவைதான். ஆர்டர் எப்போது போக வேண்டும், சரக்கு எவ்வளவு கிடக்கிறது, வேலை நின்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர் எண்ணிப் பார்ப்பார். அந்தக் கணக்கோடு அவர் பேச்சுக்கு வரும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

மண்டபம் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனி விவகாரத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அவித்து ஐஸில் போட்ட நண்டை உடைத்துச் சதை எடுப்பது முழுக்கப் பெண்களின் வேலை. நாள் முழுக்கக் குளிர்ந்த நண்டில் கை வைத்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும், ஓடு குத்திய கீறல்கள் ஆறவே ஆறாது. எடுக்கிற சதைக்குக் கிலோ கணக்கில் கூலி. "கிலோவுக்கு ரேட்டை ஏத்தணும்" என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த ஒரே கோரிக்கை. சமரச அலுவலர் முன்னால் கம்பெனித் தரப்பு மாதக் கணக்கை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தது. இந்தத் தொழிலில் இதற்கு மேல் கட்டுப்படியாகாது என்றார்கள்.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா மடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். ஈரம் பட்டு ஓரங்கள் உப்பிப்போன நோட்டு. தேதி, எடுத்த சதையின் எடை, வாங்கிய காசு, எல்லாம் பென்சிலில் இருந்தது. மகளிடம் சொல்லித் தினமும் ராத்திரி எழுதி வைத்திருக்கிறார். கம்பெனிக் கணக்கோடு வைத்துப் பார்த்ததும் சங்கதி புரிந்துவிட்டது. சதையில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி ஒவ்வொரு நாளும் எடையில் கழித்திருக்கிறார்கள். எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது, அன்றைக்குத் தராசு பக்கம் யார் நிற்கிறாரோ அவர் மனசுதான். ரேட்டைவிடப் பெரிய இழப்பு அந்தத் தராசில் இருந்தது.

அதற்கப்புறம் பேச்சின் போக்கே மாறியது. இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி எலெக்ட்ரானிக் தராசு, எடை போட்ட உடனே கையில் சீட்டு, கழிவுக்கு எழுத்தில் ஒரு வரம்பு. இதையெல்லாம் நிர்வாகம் அன்றே ஒத்துக்கொண்டது. ரேட்டிலும் கேட்டதில் பாதி கிடைத்தது. வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. அந்த நோட்டு இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் ரேட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். கூலி வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் இப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்றிலிருந்து போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்கிறேன். எடைச் சீட்டு, டோக்கன், கூலி போட்ட ஜிபே மெசேஜ், எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கே பல சமயம் அதுதான் சாட்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர்கள் பெண்கள், பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் மட்டும் ஆண்கள் என்றால் அந்தப் பேச்சு பாதிக் கிணறுதான் தாண்டும். கழிப்பறை இல்லை, கையுறை இல்லை, பிள்ளை பெற்றவருக்குத் திரும்ப வேலை இல்லை என்பதெல்லாம் கோரிக்கை மனுவில் வருவதே இல்லை. வந்தாலும் கடைசி வரியில் வந்து முதலில் விட்டுக்கொடுக்கப்படும்.

சரி, நோட்டீஸை எப்போது கொடுப்பது? உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கத்தில் அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் இருக்கிறது, தனியார் பாத்திகளும் கரையோரம் கிடக்கின்றன. பங்குனி, சித்திரை வெயிலில்தான் உப்பு நன்றாக விளையும். வெயில் ஏறுமுன் வாரிவிட வேண்டும் என்று இருட்டிலேயே வேலைக்கு இறங்குவார்கள். விளைந்த உப்பை வாராமல் விட்டு, நடுவில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் பாத்தியில் இருப்பது கரைந்து போகும். முதலாளிக்கு ஆள் அவசரமாகத் தேவைப்படும் காலம் அது. ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியே தண்ணீரில் கிடக்கும், அப்போது வேலையை நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை என்பதால்தானே அரசே 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆனால் நம் ஆட்களுக்குக் கோபம் வருவது பெரும்பாலும் கையில் காசில்லாத அந்த மாதங்களில்தான். ஐஸ் கம்பெனியிலும் அப்படியே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் கட்டிக்குக் கிராக்கி இருக்காது. தடை முடிந்து படகுகள் கிளம்புகிற நேரத்தை மனதில் வைத்து, முன்கூட்டியே கோரிக்கை மனு கொடுத்துப் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஐஸ் கம்பெனி என்றதும் ஒரு எச்சரிக்கை. அங்கே குளிரூட்டுவதற்கு அம்மோனியா ஓடுகிறது. வேலைநிறுத்தம் என்று எல்லோரும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். பிளான்ட்டை முறைப்படி நிறுத்த, கசிவு வராமல் பார்த்துக்கொள்ள, ஆபரேட்டர்களை விட்டுவைப்பதாக நோட்டீஸிலேயே எழுதிக் கொடுங்கள். ஊருக்கு நடுவில் அம்மோனியா கசிந்தால் கோரிக்கையெல்லாம் மறந்து போகும், கிரிமினல் வழக்கு மட்டும் நிற்கும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். கூலியைக் கையில் கொடுப்பவர் கங்காணி அல்லது காண்ட்ராக்டர். அவரிடமே சண்டை போட்டு, அவரிடமே சமாதானமாகி, அடுத்த சீசனில் காண்ட்ராக்டர் மாறியதும் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. கோரிக்கை மனுவைக் காண்ட்ராக்டருக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்தே கொடுங்கள், நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். படகில் பங்குக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிக்கும் முறையில் யார் முதலாளி, யார் தொழிலாளி என்று நிறுவுவதே தனி வழக்கு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சங்கம் இல்லாமல் இதெல்லாம் நடக்காதா என்று கேட்கிறார்கள். நடக்கும், ஆனால் நிலைக்காது. 7 பேர் சேர்ந்து சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம் மட்டுமே பேசும் உரிமை பெறும். ஒரு சங்கத்துக்கும் அந்த ஆதரவு இல்லையென்றால் 20 சதவீதம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்கலாம். பதிவு வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் கூலியோடு சேர்த்துச் சங்கத்தைப் பதிவு செய்வதும் அங்கீகரிப்பதும் பெரிய பிரச்சினையாக இருந்தது.

14 நாட்கள் போய், பேச்சும் முறிந்து, வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போது வரும் முதல் கேள்வி சாப்பாடு. வேலைநிறுத்த நாட்களுக்குக் கூலி கிடைக்க வேண்டுமானால் அது சட்டப்படியும் இருக்க வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆகவே கூலி வராது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். 1908இல் இதே கரையில், தெற்கே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மேடையில் பேசியதோடு நிற்கவில்லை. ஊரில் பணம் திரட்டித் தொழிலாளர் குடும்பங்களைத் தாங்கினார்கள். நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. நம் ஊர்களில் மகளிர் குழுவில் வாரத் தவணை கட்டாமல் நாலு நாள் தாங்குவது கஷ்டம். அதனால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே குழுத் தலைவியிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் பேசி வையுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். நம் கரையோர ஊர்களில் தகராறு என்றால் ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத் தந்தை என்று யாராவது ஒரு பெரியவர் நடுவில் உட்கார்ந்து பேசி முடிப்பது வழக்கம். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபத்தில் நிற்கும் இரண்டு பக்கத்தையும் ஒரே பாயில் உட்கார வைக்க அவர்களால்தான் முடியும். ஆனால் பேசி முடித்ததை வாய்வார்த்தையாக விட்டுவிட்டால், மூன்றாவது மாதம் "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்ற கேள்வி வந்து நிற்கும். அங்கே பேசியதை அப்படியே எழுதி, ராமநாதபுரத்தில் சமரச அலுவலர் முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சங்கக்காரர்கள் பழைய 1947 சட்டத்தின் 12(3) பிரிவை வைத்து இதைப் பன்னிரண்டு மூணு என்பார்கள். தனியாக நமக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சமரசத்தில் போட்ட ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களுக்கும், நாளைக்குப் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கும் சேர்த்தே செல்லும்.

எழுதும்போது ரேட் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, பாக்கியை எத்தனை தவணையில் தருவார்கள், ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் மேல் நடவடிக்கை இல்லை, இவ்வளவும் தனித்தனி வரியாக இருக்கட்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 6 மாதம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். சொன்ன தேதியில் பணம் வரவில்லையென்றால் மறுபடி கேட்டில் போய் உட்கார வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வருடத்துக்குள் அரசிடம் விண்ணப்பித்தால், அந்தத் தொகையை நில வரி பாக்கி போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்க வழி இருக்கிறது. விண்ணப்பத்தோடு ஒப்பந்த நகலும், ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய தொகையின் பட்டியலும் வைக்க வேண்டும். அதனால் கையெழுத்தான அன்றே சங்கத்துக்கு ஒரு அசல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.