வலிக்காத கட்டிதான் கவலை

கழுத்தில் நெறி கட்டி வலிக்கிறது என்று மறுநாளே ஓடி வருபவரைவிட, ‘வலியே இல்லை டாக்டர், அதான் விட்டுட்டேன்’ என்று மாதக்கணக்கில் கழித்து வருபவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

இரத்த நுண்குழாய்களிலிருந்து கசியும் திரவத்தில் திரும்பாமல் மிஞ்சுவது நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர். அதுதான் நிணநீர். தனிக் குழாய்களில் ஊர்ந்து, காறையெலும்புக்கு (கழுத்துக்குக் கீழே தோள்வரை குறுக்காகப் போகும் எலும்பு) பின்னால் உள்ள பெரிய சிரைகளில் போய்ச் சேரும். இதயம் போல இதற்கென ஒரு பம்ப் கிடையாது. தசை அசைவும் மூச்சும் குழாய்ச் சுவரின் சுருக்கமும்தான் தள்ளிவிடுகின்றன. வழி நெடுக, சோதனைச் சாவடிகள் மாதிரி, பல நூறு நிணநீர்க் கணுக்கள். நெறி கட்டுவது என்பது இந்தக் கணுக்கள் வீங்குவதுதான்.

கணுவுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களான பி செல்களும் டி செல்களும் ஆளுக்கொரு பகுதியில் காத்திருக்கும். இரண்டுமே எலும்பு மஜ்ஜையில் பிறந்தவை. டி செல்கள் மட்டும் தைமஸ் சுரப்பிக்குப் போய் முதிர்ந்து வரும். கிருமியின் துணுக்கு வந்து சேர்ந்ததும், அதற்குப் பொருந்தும் செல்கள் மளமளவென்று பெருகும். கணு வீங்கி, மேலுறை இழுபடுவதால் வலிக்கிறது. சொத்தைப் பல்லுக்குத் தாடைக்கு அடியில், கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டுவது இப்படித்தான். தொற்று அடங்கினால் சில வாரங்களில் பெரும்பாலும் சுருங்கிவிடும். (டான்சிலும் மண்ணீரலும் இதே குடும்பம்தான், அந்தக் கதை இன்னொரு நாள்.)

விரலால் உருட்டிப் பார்த்தாலே ஓரளவு புரியும். தொற்றால் வீங்கியது மெத்தென்று நழுவும். காசநோயில் பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கலாம். லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயில் ரப்பர் பதம். வேறு இடத்திலிருந்து பரவிய புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கெட்டியாக, நகராமல் இருக்கும். இந்தக் கடைசி மூன்றும் பெரும்பாலும் வலிப்பதில்லை, என் கவலை அதனால்தான். ஆனால் விரல் சொல்வதே முடிவல்ல.

காறையெலும்புக்கு மேலே கட்டி தெரிந்தால், சிறியதானாலும் காத்திருக்க வேண்டாம். அதுவும் இடப்பக்கம் என்றால் இன்னும் கவனம். வயிற்றுப் பகுதியின் நிணநீர் வந்து சேரும் இடம் அது. இரைப்பைப் புற்றுநோய்கூட முதலில் அங்கே தலைகாட்டலாம். மற்ற இடங்களில் மூன்று, நான்கு வாரமாகியும் குறையாத கட்டி, விடாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

சோதனைக்காகக் கட்டியில் ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். அநாவசியமான பயம். நிஜமான ஆபத்து, காரணம் தெரியும் முன்பே விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. லிம்போமா கட்டி அதில் கொஞ்ச நாள் சுருங்கும். அப்புறம் பயாப்ஸி (கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுத்தாலும் தெளிவான பதில் கிடைக்காமல் போகலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல், அந்த மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.