ஸ்பீக்கரில் இரைச்சலா? பெட்டியைக் கழற்றும் முன் வீட்டைப் பாருங்கள்

பெங்களூரு ஹலசூரில் ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர் பழுது பார்ப்பது என் தொழில். "பாட்டு நல்லாதான் வருது, பின்னாடியே ஒரு இரைச்சல் கேக்குது சார்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். கடை மேசையில் ஓட்டிப் பார்த்தால் பல பெட்டிகளில் இரைச்சலே இருக்காது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செருகியதும் மறுபடி ஆரம்பிக்கும். அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அதற்குள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போய் விலை கூடிய கேபிள், நாய்ஸ் ஃபில்டர் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பார்கள். எதையும் வாங்குவதற்கு முன்னால் தேட வேண்டும். சில வீடுகளில் அந்த இரைச்சல், ஒயரிங்கில் ஆபத்து இருக்கிறது என்பதற்கான அறிகுறியும்கூட. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் கருவி காதுதான். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தாழ்ந்த குரலில் ஒரே சீராக 'ஹ்ம்ம்' என்று வந்தால் (இதைத்தான் ஹம் என்கிறோம்) பெரும்பாலும் எர்த் லூப், அதாவது இரண்டு வெவ்வேறு எர்த்துகள் ஆடியோ கேபிள் வழியாக இணைவது; இல்லையென்றால் பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர். அதைவிடச் சற்று மேலே, கரகரப்போடு 100 ஹெர்ட்ஸில் இரைந்தால், பழைய செட்டாக இருக்கும் பட்சத்தில், பவர் சப்ளையின் ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்திருக்கலாம். அந்தப் பெட்டியைத் தாராளமாகக் கடைக்குக் கொண்டு வாருங்கள். 'ஜ்ர்ர்' என்று கூர்மையாக வந்து, லைட்டின் வெளிச்சத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும்போது சத்தமும் மாறினால் அந்த டிம்மர்தான் காரணம். சில ஃபேன் ரெகுலேட்டர்களும் இதே வகை. போன் மணி அடிப்பதற்குச் சில நொடிகள் முன்னால் 'டிட்டிட்டிட்' என்று கேட்பது 2ஜி சிக்னல். அது வினாடிக்கு 217 முறை விட்டுவிட்டுத் துடிப்பதால் வரும் சத்தம் அது. போனை இரண்டடி தள்ளி வைத்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். கூடவே இரைச்சலும் குறைந்தால் அது ஆம்ப்ளிஃபயருக்கு வரும் சிக்னலோடு சேர்ந்து வருகிறது. குறையவே இல்லை என்றால் வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னால், பவர் பகுதியில் பார்க்க வேண்டும். அடுத்து, செட்டை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் செருகியிருக்கும் ஆர்சிஏ, ஆக்ஸ் ஆடியோ வயர்கள் எல்லாவற்றையும் உருவிவிட்டு, செட்டை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் போய்விட்டதா? இனி ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது இரைகிறதோ அங்கேதான் வேலை.

நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் மாட்டுவது டிவிக்கு வரும் கேபிள். காரணத்தைப் புரிந்துகொண்டால் தீர்வு தானாகத் தெரியும். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் எர்த் உங்கள் வீட்டுச் சுவர் சாக்கெட் வழியாகப் போகிறது. கேபிள்காரரின் வயரோ மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவி வருகிறது. அதன் வெளிவலை வேறு எங்கோ ஒரு கட்டடத்தில் எர்த் ஆகியிருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் சிறிதளவாவது வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். செட்டாப் பாக்ஸையும் ஆம்ப்ளிஃபயரையும் ஆடியோ கேபிளால் இணைத்த உடனே அந்தக் கேபிளின் வெளிவலை வழியாகக் கரன்ட் ஓட ஆரம்பிக்கிறது. சில மில்லிவோல்ட் போதும், ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டு என்று எடுத்துப் பெரிதாக்கிவிடும். விலை உயர்ந்த கேபிளாலும் இதை நிறுத்த முடியாது.

சோதனை எளிது. செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் வயரைக் கழற்றுங்கள். ஹம் நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை. அந்த வயரில் மாட்டும் சின்ன ஐசொலேட்டர் கடைகளில் கிடைக்கிறது. சிக்னலை விட்டுவிட்டு எர்த் தொடர்பை மட்டும் அது துண்டிக்கும். டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. அதில் சிக்னல் வெளிச்சமாகப் போவதால் இரண்டுக்கும் நடுவில் உலோகத் தொடர்பே இருக்காது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்தாலே சில வீடுகளில் ஹம் பாதியாகிவிடும்.

ஒரு காரியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்று முனை பிளக்கில் பெரிய முனையை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும், அது உண்மைதான். அந்த முனைதான் எர்த். மற்ற இரண்டுக்கும் முன்னால் தொட வேண்டும், கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்ட பெட்டிக்குள் இன்சுலேஷன் தேய்ந்து பேஸ் வயர் உலோக உறையைத் தொட்டால், உறை முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஃபியூஸ் போகாது. தொடுகிற கைக்காகக் காத்திருக்கும். முனை உடைந்த பிளக்கோடு வரும் பெட்டியை, பிளக்கை மாற்றாமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. எர்த்தை வெட்டாமலே லூப்பை உடைக்க ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஆர்சிஏ வயருக்கு நடுவில் அதைப் போட்டால் போதும். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டும் சுவிட்ச்) இல்லையென்றால், புதுக் கேபிளுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

ஹலசூர், சிவாஜிநகர் பக்கம் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயரே வந்திருக்காது. சில இடங்களில் வயர் இருந்தும் மண்ணுக்குள் தொடர்பு போயிருக்கும். மார்ச், ஏப்ரலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும்போது ஹம் கூடுவதை நீங்களே கவனிக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் வழக்கமானது. கீசர் போட்டதும் அது ஐந்து, பத்து என்று ஏறினால் ஒயரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். ஹம்மோடு சேர்ந்து ஒரு அறையில் லைட் மங்கி இன்னொரு அறையில் பிரகாசமானால் தாமதிக்காதீர்கள். மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் லூஸானால் வரும் அறிகுறி அது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறலாம். மெயினை அணைத்துவிட்டு, மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912-க்குச் சொல்லுங்கள்.

ஹம் ஒரு வகை என்றால், 'ஸ்ஸ்ர்ர்' என்ற உயர்சுருதி இரைச்சல் இன்னொரு வகை. இது பெரும்பாலும் ஸ்விட்சிங் பவர் சப்ளைகளிலிருந்து வருவது: மலிவான எல்இடி டிரைவர் (எல்இடி லைட்டுக்குக் கரன்ட் கொடுக்கும் சின்னப் பெட்டி), போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர். மல்லேஸ்வரத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர் வீட்டில், மின் சுருதிப்பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தாலே சட்ஜமத்துக்கு மேல் ஒரு கீச்சல் ஏறி நிற்கும். "பசங்க சுருதியோட சேர்றதா, இந்தக் கீச்சலோட சேர்றதான்னு குழம்பிப்போறா" என்றார். பெட்டியை பேட்டரியில் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பழைய அடாப்டர் போய்விட்டதென்று போன் சார்ஜர் மாதிரியான ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, அதே வோல்டேஜ் அடாப்டரை மாற்றியதும் வகுப்பு நிம்மதியாக நடந்தது. லேப்டாப்புக்கும் இதே சோதனைதான். சார்ஜரை உருவியதும் சத்தம் நின்றால் சார்ஜர்தான் காரணம்.

எது என்று தெரியாவிட்டால் பழைய பாக்கெட் ரேடியோவை எடுங்கள். மீடியம் வேவில், நிலையம் எதுவும் வராத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். பெங்களூரு ஆகாசவாணி 612 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது, அங்கிருந்து தள்ளிப் போங்கள். பேட்டரியில் ஓடும் அந்த ரேடியோவோடு மெயின் போர்டுக்குப் போய் மெயினை அணையுங்கள். இந்த ஊரில் பலர் ஏமாறுவது இங்கேதான். மெயினை அணைத்த உடனே யுபிஎஸ் விழித்துக்கொண்டு லைட், ஃபேன் எல்லாவற்றையும் தொடர்ந்து ஓட்டும், இரைச்சலும் தொடரும். உடனே 'வெளியிலிருந்து வருகிறது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். சில நேரம் அந்த யுபிஎஸ்தான் குற்றவாளி. ஸைன் வேவ் அல்லாத பழைய யுபிஎஸ்ஸில் ஃபேனும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே முனகும்.

இரண்டையும் அணைத்தபின் ரேடியோ அமைதியானால் காரணம் வீட்டுக்குள். மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சுவிட்சான எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது இரைகிறதோ அந்த லைனில் இருப்பதை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இந்த வகை இரைச்சலுக்கு, குற்றவாளியின் வயரிலேயே ஃபெரைட் கிளிப் (வயரைச் சுற்றிக் கவ்வும் சின்னக் காந்தப் பொருள் வளையம்) மாட்டினால் பலன் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு அது துளியும் உதவாது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

எல்லாம் அணைந்த பிறகும் ரேடியோ இரைந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடங்கள். கிட்டே போகப் போகச் சத்தம் ஏறும். வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடியில் இப்படித் தேடிப் போனபோது, லிஃப்ட் முன்னால் இருந்த எல்இடி பேனலின் டிரைவரில் போய் நின்றது. அசோசியேஷனிடம் புகார்க் கடிதம் எழுதுவதைவிட, மெயின்டெனன்ஸ்காரரை ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து அந்த லைட்டை ஒரு நிமிடம் அணைக்கச் சொன்னது வேலை செய்தது. பக்கத்து வீட்டாரிடமும் அப்படியே: குறை சொல்லாமல் ரேடியோவைக் கேட்கக் கொடுங்கள், டிரைவருக்கான பணத்தை நீங்களே கொடுத்தாலும் தப்பில்லை.

தெருவில் கம்பத்தை நெருங்கும்போது படபடவென்று வெடிப்பதுபோல் கேட்டு, மழை நாளில் மட்டும் அடங்கினால், மேலே எங்கோ லூஸான இணைப்பிலோ இன்சுலேட்டரிலோ பொறி பறக்கிறது. கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ எண் எழுதியிருந்தால் குறித்துக்கொண்டு அதே 1912-க்குச் சொல்லுங்கள். கம்பத்தைத் தட்டியோ ஸ்டே கம்பியை ஆட்டியோ பார்க்க வேண்டாம்.