போட்டிக்கு அனுப்பும் முன் படத்தை யாரிடம், எப்படிக் காட்டுவது?

ஒளிப்படப் போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது புதியவர்கள் பலரும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். பத்துக் கட்டைவிரல் வரும், நாலு "சூப்பர்" வரும். அதை நம்பி அனுப்பிய படம் முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது. பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குப் படம் எடுத்தவரைத் தெரியும். விடியுமுன் எழுந்து போனதும், சேற்றில் நின்றதும் தெரியும். நடுவருக்குத் தெரிவது ஃபிரேமுக்குள் இருப்பது மட்டுமே. கருத்துக் கேட்பது தனி வேலை. அதற்குக் கடைசித் தேதிக்கு முன் பத்து நாளாவது ஒதுக்குங்கள்.

படத்தைக் காட்டுமுன் விதிகளைப் படித்துவிடுங்கள். எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று தெரியாமல் சொல்லப்படும் கருத்து உதவாது, சில நேரம் கெடுதலும் செய்யும். குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேடமிட்ட பக்தர் ஒருவரின் படம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஒரு மின்கம்பி ஓடுகிறது. "அதை அழித்துவிடு" என்பார் நண்பர். பொதுவான வண்ணப் பிரிவில் அது பெரும்பாலும் செல்லும். செய்திப்படப் பிரிவில் அதே திருத்தம் படத்தை வெளியேற்றிவிடும். 2015ஆம் ஆண்டு வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஏறக்குறைய 20 விழுக்காடு எடிட்டிங் காரணமாகத் தகுதியிழந்தன. எடுத்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள்.

இயற்கைப் பிரிவு இன்னும் கண்டிப்பானது. பல சலோன்கள் (ஒளிப்படச் சங்கங்கள் நடத்தும் போட்டிக் கண்காட்சிகள்) பின்பற்றும் ஃபியாப் (சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு) வரையறைப்படி கிராப் செய்யலாம், சென்சார் தூசியை நீக்கலாம், நாய்ஸை (படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகளை) குறைக்கலாம், முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கலாம். பறவையின் முகத்தை மறைக்கும் ஒரு குச்சியைக்கூட அழிக்கக் கூடாது. மனிதர் செய்த பொருள் எதுவும் ஃபிரேமில் இருக்கக் கூடாது. கூகை, நாரை போல மனிதர் மாற்றிய சூழலுக்குப் பழகிவிட்ட உயிரினங்களின் கதையில் அது பகுதியாக இருந்தால் விதிவிலக்கு உண்டு. பாழடைந்த கட்டட மாடத்தில் கூகை நிற்கும் படம் செல்லும். மின்கம்பியில் உட்கார்ந்த பனங்காடை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தப் பிரிவுக்கு ஆபத்தான தேர்வு.

மூன்று பேர், மூன்று விதம்

முதலாமவர் கேமரா பிடிக்காதவராக, உங்கள் வீட்டைச் சேராதவராக இருக்கட்டும். ஒன்றும் சொல்லாமல் படத்தை நீட்டி, "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கும் நீங்கள் நினைத்ததற்கும் தூரம் அதிகமானால் படம் பேசவில்லை என்று பொருள்.

இரண்டாமவர் அதே பிரிவில் சில ஆண்டுகளாகப் படம் அனுப்பி வருபவர். ஒளிப்படச் சங்கங்களில் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். சென்னையில் 1857லேயே தொடங்கப்பட்ட ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் சிறிய சங்கங்கள் உண்டு. படத்தைத் திரையில் போட்டுப் பலர் முன்னால் அலசும் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தாலே, அடுத்தவர் படத்தின் குறைகள் வழியே நம் படத்தின் குறை தெரிய ஆரம்பிக்கும்.

மூன்றாமவரைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்: பொருளை அறிந்தவர். பறவைப் படமென்றால் பறவை நோக்குபவர், வலை இழுக்கும் படமென்றால் கடற்கரைக்காரர். கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் நமக்கு இனிமையாகத் தெரியும். பறவை நோக்குபவர் கூட்டைச் சுற்றி இலைகள் ஒடிக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பார். அந்த மறைப்பு போனால் குஞ்சு வெயிலில் வாடும், காகத்தின் கண்ணில் படும். பல இயற்கைப் போட்டிகள் கூட்டுப் படங்களையே ஏற்பதில்லை. அப்படி ஒரு படம் கையில் இருந்தால் அனுப்ப வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும், எக்ஸிஃப் விவரமும் (கேமரா, நேரம், அமைப்பு பற்றிய பதிவு) அழிந்துவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள், அல்லது டிரைவ் இணைப்பு கொடுங்கள். எடிட் செய்த படம், கைவைக்காத மூலப்படம், அதே இடத்தில் எடுத்த வேறு இரண்டு ஃபிரேம் என நான்கையும் சேர்த்து அனுப்புவது நல்லது. பல நேரம் நாம் ஒதுக்கிய ஃபிரேம்தான் மேலானதாக இருக்கும். எடுத்த சிரமம் நம் கண்ணை மறைத்துவிடுகிறது.

கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். கண் முதலில் எங்கே போகிறது? எதை வெட்டினால் படத்துக்கு நட்டமில்லை? எடிட்டிங் எங்காவது தெரிகிறதா? இதே கருவில் நீங்கள் பார்த்த படங்களிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? கடைசிக் கேள்வி வலிக்கும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். அந்தி வெளிச்சத்தில் வலை வீசும் மீனவர், சுருக்கம் விழுந்த பாட்டியின் முகம், தனுஷ்கோடிச் சாலையின் வான்காட்சி ஆகியவற்றை நடுவர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கருவைத் தொடக் கூடாது என்பதில்லை. உங்கள் ஃபிரேமில் மட்டும் நடக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும்.

அவர்கள் பேசும்போது விளக்கம் சொல்லாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அது குறை. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ரசனையாக இருக்கலாம். இரண்டு நாள் ஆறப்போட்டுப் பிறகு திருத்துங்கள்.

கண் தடுக்கும் இடங்கள்

ஆரம்பச் சுற்றுகளில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சில நொடிகள். அதற்குள் கண்ணில் விழும் குறைகள் பெரும்பாலும் ஓரங்களில் இருக்கின்றன: பாதி வெட்டுப்பட்ட கை, மூலையில் வெள்ளைப் பாட்டில், பின்னணியில் பளிச்சிடும் டியூப்லைட். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகமும் கதையும் மறைந்து வெளிச்சத் திட்டுகள் மட்டும் தெரியும். பிறகு தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவிலும் எது முக்கியம் என்று தெரிந்தால் அமைப்பு வலுவாக இருக்கிறது. கடல் விளிம்பு ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணுக்குப் படும். நேராக்கும்போது நாலு மூலையும் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால், கிராப் முடிவாகும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். தலைக்குப் பின்னால் தென்னை முளைத்திருந்தால் எடிட்டிங்கில் அதற்கு நேர்மையான மருந்து இல்லை. வேறு ஃபிரேம் தேடுங்கள்.

உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி வெளுத்துப் போவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த, கைவைக்காத மூலக்கோப்பில்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தில் முட்டிவிட்டால் அங்கே மீட்க ஒன்றுமில்லை. ஹைலைட் ஸ்லைடரை முழுக்க இழுத்தால் மடிப்பில்லாத சாம்பல் திட்டுதான் மிஞ்சும். விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டியைக் கூட்டினால் மலைக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஓடும். பாட்டியின் முகம் கருங்கல் சிலையாகிவிடும். சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) ஏற்றினால் நம் மாநிறத் தோல் செங்கல் நிறத்துக்குப் போகிறது. இந்தப் பழக்கத்தை உடனே விட வேண்டும். திருவிழாப் படத்தில் மாலையும் மஞ்சளும் ஏற்கெனவே போதுமான நிறத்தோடு இருக்கின்றன. தேவையானால் வைப்ரன்ஸைச் சிறிதளவு கூட்டுங்கள். அது ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை அவ்வளவாகத் தொடாது.

செல்போன் படமென்றால் போனே ஷார்ப் செய்து கொடுத்திருக்கும், மீண்டும் செய்யாதீர்கள்.

ஆதாரம்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியின் 2009ஆம் ஆண்டு வெற்றிப்படம் வேலியைத் தாண்டும் ஓநாய். அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் 2010இல் பரிசு பறிபோனது. அதே போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படமும், அதில் இருப்பது பாடம்செய்த உடல் என்ற முடிவின் பேரில் 2018இல் நீக்கப்பட்டது. எடுத்தவர் அதை மறுத்தார். முன்னும் பின்னும் எடுத்த ரா ஃபைல்களையும் கொடுத்தார், ஆனால் அவை எதிலும் அந்த விலங்கு இல்லை. தொடர்ச்சியாக எடுத்த ஃபிரேம்கள்தாம் உங்களுக்குச் சாட்சி. "மோசமானது" என்று அழித்துவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்திலும் விதியின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். நாய்ஸ் குறைக்கும் மென்பொருளைச் சில போட்டிகள் அனுமதிக்கும். இல்லாத வானத்தையோ விளிம்பையோ உருவாக்கிச் சேர்ப்பதைப் பெரும்பாலானவை அனுமதிப்பதில்லை.

ஃபைலும் உரிமையும்

பல சலோன்கள் 1920 × 1080 பிக்செல் எல்லைக்குள் படம் கேட்கின்றன. 3:2 விகிதக் கிடைப்படம் அதில் 1620 × 1080 ஆக நிற்கும், நெடுக்குப்படம் 720 × 1080 ஆகச் சுருங்கும். நுணுக்கமான நெடுக்குப்படம் திரையில் வலுவிழப்பது இதனால்தான். முதலில் அளவைக் குறைத்து, பிறகு லேசாக ஷார்ப் செய்து, திரைகளுக்கான பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபியில் ஜேபெக்காகச் சேமியுங்கள். அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் விட்டால் நிறம் மங்கித் தெரிய வாய்ப்புண்டு.

அச்சுப் படமென்றால் 12 × 18 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 வீதம் 3600 × 5400 பிக்செல் வேண்டும். 24 மெகாபிக்செல் கேமராவுக்கு அது எளிது. பரப்பில் பாதியாகக் கிராப் செய்தால் அங்குலத்துக்கு 235 அளவில் வரும், சமாளிக்கலாம். கால்பங்காகக் குறைத்தால் 167தான். அருகில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். லேப்டாப் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி எடிட் செய்த படம் அச்சில் இருண்டு வரும். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, வேறு இரண்டு திரைகளிலும் பார்த்துவிடுங்கள்.

உரிமை பற்றிய பத்தியைக் கட்டாயம் படியுங்கள். வெற்றிப்படத்தை முடிவு அறிவிப்புக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்துவோம் என்பது நியாயம். வந்த எல்லாப் படங்களையும் காலவரையின்றி, உலகெங்கும், விளம்பரம் உட்பட எதற்கும் பயன்படுத்துவோம் என்று இருந்தால், இலவசமாகப் படம் சேர்க்க நடத்தும் போட்டியாக இருக்கலாம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா என்றே கொள்ள வேண்டும். விதியில் "நிரந்தரமாக", "உலகெங்கும்" என்று எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு உதவாது. கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பியவர் அனைவருக்கும் ஏதாவதொரு "சிறப்புப் பரிசு" தரும் போட்டிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழந்தையின் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

படத்தில் கையெழுத்து, பார்டர், வாட்டர்மார்க் வேண்டாம்; கேட்காவிட்டால் ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் வேண்டாம். ஏற்றியபின் போட்டித் தளத்தில் தெரியும் படத்தைத் திறந்து, நிறமும் திசையும் சரியா என்று பாருங்கள். ரா ஃபைல்களை இரண்டு இடங்களில் வையுங்கள். முடிவு வந்து, சரிபார்ப்பும் முடியும்வரை அவற்றில் ஒன்றையும் அழிக்க வேண்டாம்.