மூட்டில் சுற்றிய கயிறு

எங்கள் மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஓட்டு வீட்டின் மேலேயே அயனியும் பலாவும் கொப்பு விரித்து நிற்கும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரி மாவட்டத்து மரங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டோரத்து அயனியை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

திறந்த விளை, அதாவது தோட்டம், என்றால் வேலை எளிது. மரம் விழ வேண்டிய பக்கம், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் போல ஒரு பள்ளம் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுப்பார்கள். ஆனால் முழுக்க அறுக்கமாட்டார்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு நடுவில் விடும் கட்டைதான் கதவுக்குக் கீல் போல மரத்தை வழிநடத்துகிறது. கீலையும் அறுத்துவிட்டால் மரம் தன் எடை சாயும் பக்கம் போகும். மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. வீட்டு முற்றத்தில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

ஆகவே மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும்.

ஏறியவர் கொப்பில் வடத்தைக் கட்டி, அதை மேலே உள்ள உறுதியான கவை வழியாகக் கீழே விட்டார். கீழே நின்றவர் அதை மரத்தின் மூட்டில், அதாவது அடிமரத்தில், இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான மனிதர், நூறு கிலோ கொப்பை எப்படித் தாங்குவார் என்று எனக்குப் பதற்றம்.

தாங்கியது உராய்வு. 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த விஷயம் இது. கயிறு சுற்றச் சுற்ற, பிடி கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்ணை (உராய்வுக் குணகம்) 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் கையின் பலம் ஆறரை மடங்காகும். இரண்டு சுற்றில் 43 மடங்கு. கவையில் உரசுவதைக் கணக்கில் சேர்க்காமலே, நூறு கிலோவுக்கு இரண்டரை கிலோ அளவு பிடித்தால் போதும்! மரம் பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை; எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. தேங்காய்ப்பட்டணத்தில் படகை நிறுத்துகிறவரும் கயிற்றைக் கம்பத்தில் சுற்றுவது இதனால்தான்.

இதில் ஆபத்து மேலே இருக்கிறது. கவையின் மேல் இரு பக்கத்து இழுப்பும் சேர்ந்து விழும். கயிறு தளர்ந்திருந்து கொப்பு ஒரு மீட்டர் விழுந்து நின்றால், அந்தத் திடீர் இழுப்பின் பாரம் கொப்பின் எடையைப் போல் பல மடங்கு. அதனால்தான் அறுக்கும் முன்பே கயிற்றை இழுத்து விறைப்பாக்குகிறார்கள். ஒக்கியில் விரிசல் கண்ட கவையை நம்பவே கூடாது.

"விடு... விடு... பிடி!" என்ற குரலுக்கு ஏற்பக் கயிறு நழுவ, கொப்பு ஓட்டை உரசாமல் முற்றத்தில் அமர்ந்தது. மூட்டில் கயிறு ஓடிய இடத்தில் பட்டை தேய்ந்து மினுமினுத்தது. கை வைத்துப் பார்த்தேன். எட்டு மீட்டர் இறங்கிய பாரத்தின் ஆற்றல் அங்கே சூடாக இருந்தது.