பெயருக்குப் பின்னால் ஏ.ஐ.டி.பி. போட்டால் மட்டும் போதாது

எம்.பிளான் (நகரமைப்பில் முதுகலைப் பட்டம்) முடித்த ஒரு பெண், நகரமைப்பு வேலை ஒன்றுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்விட்டுத் திரும்பி வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மே மாதமே தேர்ச்சி, ஆனால் பட்டமளிப்பு விழா அடுத்த வருடம்தான் நடந்தது. அவர் கொண்டுபோனது பட்டத்தை மட்டும். அதிலிருந்த தேதி அறிவிக்கை வந்த நாளுக்குப் பிந்தியது. தேர்ச்சித் தேதி போட்ட தற்காலிகச் சான்றிதழ் வீட்டுப் பீரோவில் கிடந்தது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார், கேட்க ஆளில்லை.

இந்திய நகரமைப்பாளர் நிறுவனம், அதாவது ஐ.டி.பி.ஐ. (வங்கி இல்லை, அது வேறு), 1951இல் தொடங்கியது, தலைமையகம் டெல்லி. அது அங்கீகரித்த பட்டம் இருந்தால் விண்ணப்பித்து அசோசியேட் உறுப்பினர் ஆகலாம், பெயருக்குப் பின்னால் ஏ.ஐ.டி.பி. என்று போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் அதன் தேர்வை எழுத வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

பலர் முதலில் ஏமாறுவது, இந்த உறுப்பினர் அட்டையை லைசென்ஸ் என்று நினைத்துத்தான். கட்டடக் கலைஞர்களுக்கு 1972இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட முடியாது. நகரமைப்பாளருக்கு அப்படி ஒன்று கிடையாது. சட்டபூர்வமான கவுன்சில் வேண்டும் என்று நிதி ஆயோக்கே 2021இல் அறிக்கை கொடுத்தது. மாநிலத் துறைகளில் 3,945 நகரமைப்பாளர் பணியிடங்கள், அதில் 42 சதவீதம் காலி என்றும் அதிலேயே இருக்கிறது. காலியாக வைத்துக்கொண்டுதான் வருகிறவரை ஒரு தேதிக்காகத் திருப்பி அனுப்புகிறார்கள். சரி, வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை வேண்டுமென்றால் அந்தந்த ஊர்க் கட்டட விதிப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அட்டையைக் காட்டி வேலை நடக்காது.

அடுத்தது பட்டத்தின் பெயர். அறிவிக்கையில் நகரமைப்பில் முதுகலைப் பட்டம் என்றிருக்கும், உங்கள் சான்றிதழில் எம்.டெக். என்றோ நகர வடிவமைப்பு என்றோ இருக்கும். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாடத்தைப் பார்க்க மாட்டார், எழுத்தைத்தான் பார்ப்பார். இரண்டும் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று முன்னாலேயே தேடுங்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் அந்த ஆணையும் அறிவிக்கை தேதிக்குள் வந்திருக்க வேண்டும். 'உறுப்பினர்' என்று கேட்டிருக்கிறார்களா, 'உறுப்பினர் தேர்வில் தேறியவர்' என்றா, அதையும் இரண்டு தடவை படியுங்கள். மாணவர் உறுப்பினர் அட்டையை இதில் நம்பாதீர்கள்.

அனுபவச் சான்றிதழ்தான் பெரிய அலைச்சல். உட்கார்ந்து வேலை பார்த்தது நகராட்சியில், சம்பளம் போட்டது ஏஜென்சி. நகராட்சியில் கேட்டால் "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே" என்பார்கள், ஏஜென்சி கொடுக்கும் தாளிலோ 'தொழில்நுட்ப உதவியாளர்' என்று இருக்கும், நகரமைப்பு என்ற சொல்லே இருக்காது. அதனால் வேலையை விடும்போது கேட்கலாம் என்று இருக்காதீர்கள். சேர்ந்த ஆறு மாதத்தில், உங்களைத் தெரிந்த அதிகாரி மாற்றலாகிப் போவதற்குள், பார்த்த வேலையை விவரித்து லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். வருகைப் பதிவேட்டு நகல், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் இரண்டும் கூடவே இருக்கட்டும்.

ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர், வேறு வேலைக்கு விண்ணப்பிக்கத் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) கேட்டு மனு கொடுத்தால் "வெச்சுட்டுப் போங்க" என்பார்கள். வைத்துவிட்டு வராதீர்கள். நகலில் தபால் எண்ணும் தேதியும் போட்டு வாங்குங்கள். அப்புறம் அசையவில்லை என்றால், பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லி, கோப்பு இப்போது யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நான் எழுதிக்கொடுத்த இரண்டு பேருக்கு அந்தப் பதிலுக்கு முன்னாலேயே சான்று வந்துவிட்டது.