ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் ஒரு மண் மதில்

சிங்கப்பூரில் பிராஸ் பாசா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து தேசிய அரும்பொருளகம் பக்கம் நடப்பவர்களிடம், இந்த வழியாக ஒரு கோட்டை மதில் ஓடியது என்று சொன்னால் நம்புவது கடினம். கல் மதில் அல்ல, மண் மதில். 1822 பிப்ரவரியில் ஜான் கிராஃபர்டு என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதை நடந்தே சுற்றிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: அடிப்பாகம் 16 அடி அகலம், உயரம் எட்டொன்பது அடி, நீளம் ஏறக்குறைய ஒரு மைல். கடற்கரையில் தொடங்கி, இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றை ஒட்டிப் போய்ச் சதுப்பில் முடிந்தது. 14ஆம் நூற்றாண்டில் தெமாசெக் என்று அழைக்கப்பட்ட பழைய சிங்கப்பூர் நகரத்தின் வடக்கு எல்லை அதுதான் என்று கருதப்படுகிறது.

மண்ணைக் குவித்தால் மதில் ஆகிவிடுமா? அவர் தந்த அளவுகளை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். அகலத்தில் பாதி 8 அடி, உயரமும் 8 அடி. உச்சி கூராக இருந்தது என்று வைத்துக்கொண்டால்கூடச் சரிவு 45 பாகை வருகிறது. மேலே ஆள் நிற்க இடம் விட்டிருந்தால் இன்னும் செங்குத்து. உலர்ந்த மணலோ 35 பாகைக்கு மேல் நிற்காது, சரிந்து பரவிவிடும். ஆக இது சும்மா கொட்டிய மண்ணாக இருக்க முடியாது. களி கலந்த மண்ணை இடித்து இறுக்கியிருக்க வேண்டும். அப்புறம் புல்லும் வேரும் பிடித்திருக்கும். ஈர மண்ணில் துகள்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நீர் அளவுக்கு மீறினால் கதையே மாறிவிடும்: உள்ளே அழுத்தம் ஏறித் துகள்களை விலக்க, சரிவு வழுகிவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அது அத்தனை காலம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். மழை அரித்தது போக மிஞ்சியதைத்தான் கிராஃபர்டு பார்த்தார்.

இப்போது எதிரியின் பக்கம் வருவோம். சரிவில் கால் வழுக்காமல் இருக்க, பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள உராய்வுக் கெழு, அதாவது வழுக்காமல் பிடிக்கும் தன்மையின் அளவு, 45 பாகையில் குறைந்தது 1 இருக்க வேண்டும். நனைந்த களிமண்ணில் அதெல்லாம் நடக்காது. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்துதான் ஏற வேண்டும். மேலே நிற்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

மதிலின் காலடியில் ஓர் ஓடை, அதுவே அகழி. குன்றில் ஏறும் இடத்தில் நீர் இல்லை, எனவே வறண்ட பள்ளம். பள்ளம் வெட்டிய மண் மதிலுக்கு ஆகும். ஒரு மீட்டர் தோண்டி அதே மண்ணை அருகில் ஒரு மீட்டர் ஏற்றினால், கீழே நிற்பவன் ஏற வேண்டியது இரண்டு மீட்டர்.

என்னைக் கேட்டால், மதில் கட்டாமல் விட்ட இடங்கள்தான் உண்மையான கெட்டிக்காரத்தனம். நீர், நிலம், மலை, காடு என்று நம் முன்னோர் அரண்களை வகைப்படுத்தினார்கள் அல்லவா? இங்கே மேற்கே கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பும் ஆழமான கழியும், கிழக்கே கடல். அந்த இரண்டு பக்கமும் கட்டுமானமே இல்லை. வடக்கே திறந்து கிடந்த சமவெளியை மட்டும் அடைத்தார்கள். மதிலில் துப்பாக்கித் துளைகளும் இல்லை. ஆகவே இது வெடி ஆயுதங்களை எதிர்க்கக் கட்டியதல்ல என்றும், கடல் பக்கத்துக்குத் தங்கள் படகுகளையே நம்பியிருக்கலாம் என்றும் கிராஃபர்டு ஊகித்தார்.

அந்த ஏற்பாடு ஒருமுறை சோதிக்கப்பட்டது. சீன வணிகர் வாங் தாயுவான் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய குறிப்பின்படி, சயாமியர், அதாவது இன்றைய தாய்லாந்துப் பகுதியினர், எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் வந்து ஒரு மாதம் முற்றுகையிட்டும் நகரத்தைப் பிடிக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். ஜாவாவின் தூதர் அவ்வழியே வருவதாகக் கேள்விப்பட்டதும் சயாமியர் கிளம்பிவிட்டார்கள்.

பிரிட்டிஷார் 1859இல் அதே குன்றில் பீரங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1907இல் நீர்த்தேக்கத்துக்காக அதையும் இடித்தார்கள். தப்பிப் பிழைத்த அதன் வாசல் முன்னால் இப்போது கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மண் மதில் நகரம் வளர வளரக் கரைந்துபோனது, ஓடை மட்டும் தங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்ததால்தான் தோபி காட் என்ற பெயரே வந்தது. பிறகு அதை நேராக்கி ஸ்டாம்ஃபர்டு கால்வாய் ஆக்கினார்கள். தாழ்வான நிலம் என்பதால் சுற்றுவட்டார மழை நீரெல்லாம் இன்றும் அதற்குத்தான் வருகிறது. 2010 ஜூனில் கனமழையோடு இந்தக் கால்வாயில் அடைப்பும் சேர்ந்துகொள்ள, ஆர்ச்சர்ட் ரோடு வெள்ளக்காடானது. அதற்குப் பிறகு, மழைநீரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க 38,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றைப் பூமிக்கடியில் கட்டி 2018இல் முடித்தார்கள்.